பழைய நீர் இறைக்கும் இயந்திரத்தைத் திருத்தும் முன்

ஊர் திரும்பியதும் முதல் வேலை கிணறு இறைப்பதுதான். விட்டுச் சென்ற இயந்திரம் கறள் பிடித்திருந்தாலும் பல வேளைகளில் அதைத் திருத்திப் பாவிக்கலாம்.

1. இயந்திரம் பற்றைக்குள் கிடந்தால் இழுக்காதீர்கள். அங்கோ கிணற்றுக்குள்ளோ வயர் அல்லது அறியாத இரும்புப் பொருள் தெரிந்தால், தொடாமல் வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

2. தாங்கியிலுள்ள பழைய எரிபொருளை முற்றாக வடித்துவிடுங்கள். அது பிசினாகிக் காபரேற்றரை அடைத்திருக்கலாம். ஒயிலையும் மாற்றுங்கள்.

3. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கயிற்றை மெதுவாக இழுங்கள். இறுகியிருந்தால் பலவந்தப்படுத்தாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. உறிஞ்சும் குழாயின் அடி வால்வில் உள்ள றப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். அது ஒழுகினால் தண்ணீர் ஏறாது. இயக்குமுன் பம்பை நீரால் நிரப்புங்கள்.

கவனம்!

இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. உள்ளே இறங்குபவர் மயங்கி உயிரிழக்கலாம். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். விளக்கை இறக்கிப் பார்ப்பதால் இந்த நச்சுவாயுவை அறிய முடியாது.

மேலே வைத்த இயந்திரம் ஏறக்குறைய 7 மீற்றர் (23 அடி) ஆழத்திலிருந்துதான் நீரை உறிஞ்சும். நீர்மட்டம் அதற்கும் கீழே என்றால் வாளியால் இறையுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் எல்லோரும் வீடு திரும்புவீர்கள்.

உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னால் இறங்காதீர்கள். உடனே இயந்திரத்தை நிறுத்தி, அயலவரைக் கூப்பிட்டு, மேலிருந்தே கயிற்றால் தூக்க முயலுங்கள்.

இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.