அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகும்முன்

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவை நாளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். வீட்டில் சமாளிக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான், அம்மா. கிளம்பும்முன் வார்டு செவிலியர் பார்த்திருக்க, எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பழகுங்கள். வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னால், நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்; இருமினால் நிறுத்திவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்; தோள்மூட்டு பாதிக்கப்படும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். புதிதாக வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள்.