லாகின் ஆகலையா? கான்ஃபிகைத் தொடாதே, தம்பி

தம்பி, ராபிட் எம்க்யூவை எல்டாப்போடு இணைத்த அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். பிறகு ஒரு நாள் காலையில் 'ஆக்சஸ் ரெஃப்யூஸ்டு, 403' என்று வந்து நிற்கும். உடனே கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, கண்ணில் பட்ட வரியை மாற்றி, ரீஸ்டார்ட் அடிப்பார்கள். அப்படியும் ஆகாவிட்டால் இன்னொரு வரி. சாயங்காலத்துக்குள் முதலில் எது கெட்டிருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். நீ அந்த வேலைக்குப் போகாதே.

அந்த 403 உனக்குக் காரணம் சொல்லாது. பெயர் தப்பா, பாஸ்வேர்டு தப்பா என்று வெளியாளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்ளிகேஷன் பக்கம் உட்கார்ந்து ஸ்டாக் ட்ரேஸைப் படித்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை. காரணம் புரோக்கரின், அதாவது ராபிட் எம்க்யூவின், லாகில் இருக்கும், இல்லையென்றால் எல்டாப் டைரக்டரி சர்வரின் லாகில்.

ஒரு லாகினுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பெயருக்குரிய ஆள் டைரக்டரியில் எங்கே இருக்கிறார்? அவர் கொடுத்த பாஸ்வேர்டை டைரக்டரி ஏற்கிறதா? ஏற்ற பிறகு இந்த விஹோஸ்டுக்குள், இந்தக் க்யூவுக்குள் அவரை விடலாமா? எந்தக் கேள்வியில் நின்றது என்று தெரிவதற்கு முன்னால் எதையும் மாற்றாதே.

அதைக் கண்டுபிடிக்க, புரோக்கர் ஓடும் மெஷினிலேயே உட்கார்ந்து எல்டாப்ஹூஆம்ஐ கமாண்டைப் போடு. உன் லேப்டாப்பிலிருந்து போடாதே. அங்கிருந்து டைரக்டரிக்குப் போகும் வழி வேறு, நடுவில் இருக்கும் ஃபயர்வாலும் வேறு. கமாண்டில் சர்வர் முகவரி, முழு டி.என். (அது என்னவென்று கீழே சொல்கிறேன்), பாஸ்வேர்டு மூன்றையும் நீயே கொடு. அது ஏற்றுக்கொண்டால் டைரக்டரி மேல் குற்றமில்லை. அடுத்து ராபிட்எம்க்யூசிடிஎல்லில் ஆதென்டிகேட் யூசர் கமாண்டு. இது புரோக்கரின் கான்ஃபிக் வழியாகவே போய்ப் பார்க்கும். முதலாவது வேலை செய்து இரண்டாவது விழுந்தால், கோளாறு எல்டாப் பிளக்இன்னுக்கு நீ கொடுத்த செட்டிங்கில். இரண்டுமே சரி, அப்ளிகேஷன் மட்டும் விழுகிறது என்றால் மூன்றாவது கேள்விக்குப் போ.

லாகில் ஒன்றுமே இல்லையே என்பாய். எல்டாப் பிளக்இன் வழக்கமாக வாய் திறக்காது. கான்ஃபிகில் எல்டாப் லாகை ட்ரூ என்று வைத்தால் எந்தப் பெயரில் பைண்டு (டைரக்டரிக்குள் லாகின்) செய்தது, எந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று எழுதும். நெட்வொர்க் என்று வைத்தால் போக்குவரத்தையும் எழுதும், பாஸ்வேர்டை மட்டும் மறைத்துவிடும். நெட்வொர்க் அன்சேஃப் என்று இன்னொன்று இருக்கிறது. அது பாஸ்வேர்டையும் சேர்த்தே எழுதும். அந்த லாக் எங்கெங்கே காப்பியாகிப் போகிறது என்று உன்னால் சொல்ல முடியாதென்றால் அதைத் தொடாதே.

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். டி.என். என்பது ஆளின் முழு முகவரி. முருகன் என்று பெயர் மட்டும் எழுதினால் தபால் போய்ச் சேராது. கான்ஃபிகில் யூசர் டி.என். பேட்டர்ன் என்று ஒரு வரி இருக்கும். 'சி.என். சமம் யூசர்நேம், ஓ.யூ. சமம் பீப்பிள்' என்ற மாதிரி. ஓப்பன்எல்டாப்பில் இது பெரும்பாலும் ஓடிவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் அநேகமாக ஓடாது. ஏனென்றால் அங்கே சி.என்.னில் பெரும்பாலும் ஆளின் முழுப் பெயர் இருக்கும், இடைவெளியோடு. லாகின் பெயர் சாம்அக்கவுன்ட்நேம் என்ற வேறொரு அட்ரிப்யூட்டில் இருக்கும். ஆட்கள் வெவ்வேறு ஓ.யூ.வில் இருந்தாலும் இதே கதிதான்.

இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: பேட்டர்னில் யூசர்நேம், அட் குறி, டொமைன் என்று போட்டுவிடு, ஆக்டிவ் டைரக்டரி அதை ஏற்கும் என்று. ஏற்கும், உண்மைதான். லாகினும் ஆகும். ஆனால் குரூப்பைப் பார்த்து அனுமதி கொடுக்கும் இடத்தில் கவிழும். குரூப்பின் மெம்பர் லிஸ்டில் முழு டி.என்.தான் எழுதியிருக்கும். புரோக்கரோ அட் குறி போட்ட பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லிஸ்டில் தேடும். எப்படிக் கிடைக்கும்? இதற்காகத்தான் டி.என். லுக்அப் அட்ரிப்யூட், டி.என். லுக்அப் பேஸ் என்று இரண்டு செட்டிங் இருக்கின்றன. இரண்டையும் கொடுத்துவிட்டால் புரோக்கர் உண்மையான டி.என்.னைத் தேடி எடுத்துக்கொள்ளும். 'லாகின் ஆகிறது, ஆனால் குரூப் அனுமதி மட்டும் வேலை செய்யவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு வரியைத்தான்.

குரூப்புக்குள் குரூப் வைத்திருக்கிறார்களா என்றும் விசாரி. இன் குரூப் என்ற க்வெரி நேரடி உறுப்பினரை மட்டுமே பார்க்கும். உள்ளே உள்ளே போய்ப் பார்க்க இன் குரூப் நெஸ்டெட் வேண்டும். இந்த க்வெரிகள் எல்லாம் அட்வான்ஸ்டு கான்ஃபிகில் எர்லாங் நடையில் எழுதுபவை. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் நோடே எழும்பாது.

அப்ளிகேஷன் ஓடுகிறது, மேனேஜ்மென்ட் பக்கத்துக்குள் மட்டும் ஆள் போக முடியவில்லையா? பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்காதே. அந்தப் பக்கத்துக்கு மேனேஜ்மென்ட், அட்மினிஸ்ட்ரேட்டர் மாதிரி ஒரு டேக் வேண்டும். எல்டாப் ஆளுக்கு அது 'டேக் க்வெரிஸ்' வழியாகத்தான் வர வேண்டும்.

ஆக்டிவ் டைரக்டரியின் பதிலில் பிழை எண் 49 வந்தால், 'பாஸ்வேர்டு தப்பு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதே. அதே வரியின் கடைசிப் பக்கம் 'டேட்டா' என்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு குறியீடு. 525 என்றால் அப்படி ஒரு ஆளே இல்லை. 52ஈ என்றால் பாஸ்வேர்டு தப்பு. 532 பாஸ்வேர்டு காலாவதி, 533 கணக்கு முடக்கம், 773 பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், 775 கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. இந்த 775ஐ மட்டும் சந்தேகப்படு. சர்வீஸ் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், எங்கோ ஒரு பழைய கன்ஸ்யூமர் பழைய பாஸ்வேர்டோடு சில நொடிக்கொரு முறை தட்டிக்கொண்டே இருக்கும். நீ பூட்டைத் திறக்கத் திறக்க அது பூட்டும். அந்தக் கன்ஸ்யூமரை நிறுத்தாமல் பூட்டைத் திறந்து பலனில்லை.

சில சமயம் ஆகிறது, சில சமயம் ஆகவில்லை என்றால் பாஸ்வேர்டை விட்டுவிடு. கிளஸ்டரில் மூன்று நோடு இருந்தால் பிளக்இன்னும் கான்ஃபிக்கும் மூன்றிலும் இருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போயிருக்கும், லோடு பேலன்சர் அந்தப் பக்கம் அனுப்பும்போதெல்லாம் விழும். நோடு எந்த கான்ஃபிக் ஃபைலைப் படித்தது என்று ஸ்டேட்டஸ் கமாண்டு காட்டும், ஒவ்வொரு நோடிலும் பார்.

அப்கிரேடு செய்த மறுநாள் எல்லாரும் ஒரேயடியாக விழுந்தால் டிஎல்எஸ்ஸைப் பார். 2023இல் வந்த எர்லாங் ஓடிபி 26இலிருந்து, கிளையன்டாகப் போகும்போது எதிர் சர்வரின் சர்டிபிகேட்டைச் சரிபார்ப்பதே வழக்கமாகிவிட்டது. அதுவரை சரிபார்க்காமலே ஓடிக்கொண்டிருந்த இணைப்பு அன்றைக்கு நிற்கும். சிஏ ஃபைலின் இடத்தை எல்டாப்பின் எஸ்எஸ்எல் ஆப்ஷன்ஸில் கொடு. சர்வரை ஐபியால் குறித்திருந்தால் சர்டிபிகேட்டில் உள்ள பெயராக மாற்று. சரிபார்ப்பை அணைத்துவிட்டால் ஓடும், தெரியும். ஆனால் அந்த வழியில் போவது கம்பெனி மொத்தத்தின் பாஸ்வேர்டு. போர்ட்டையும் ஒரு பார்வை பார்: 636 முதலிலிருந்தே டிஎல்எஸ், 389 ஸ்டார்ட்டிஎல்எஸ் வழி. இரண்டையும் கலக்காதே.

எல்டாப் விழுந்தாலும் உள்ளே போக ஒரு ஆள் வேண்டும் என்று இன்டர்னல் பேக்எண்டை இரண்டாவதாக வைப்போம். வைக்கத்தான் வேண்டும். கெஸ்ட் கணக்கை நம்பாதே, அது அதே மெஷினிலிருந்து மட்டும்தான் நுழையும். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. எல்டாப் மறுத்தால் புரோக்கர் இன்டர்னலிடம் கேட்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை டைரக்டரியில் முடக்கியிருப்பார்கள், அவர் பெயரில் பழைய இன்டர்னல் கணக்கு ஒன்று கிடந்தால் அவர் உள்ளே வந்துவிடுவார். லிஸ்ட் யூசர்ஸ் போட்டுப் பார்த்து, அவசரத்துக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழி.

கடைசியில் டைரக்டரி டீமுக்கு டிக்கெட் போட வேண்டி வரலாம். 'லாகின் ஆகல, கொஞ்சம் பாருங்க' என்று எழுதினால் இரண்டு நாள் ஊறும். நேரம் நொடிக்கணக்கில், புரோக்கரின் ஐபி, பைண்டு செய்த முழு டி.என்., வந்த குறியீடு, இந்த நான்கையும் எழுது. அவர்கள் தங்கள் லாகில் அந்த வரியைத் தேடி எடுக்க இவ்வளவு போதும்.