பிடித்துவிட்டால் தசை ஏன் தளர்கிறது?

விளையாட்டு விழாவில் ஓடி முடித்த மாணவி கெண்டைக்கால் குரக்குவலியால் துடிக்கிறாள். நான்கு பேர் பாய்ந்து காலைப் பிடித்து இழுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அனிச்சை வில் பாடத்தை இந்தக் காட்சியிலிருந்தே தொடங்கலாம்.

தசை சட்டென இழுபட்டால் உணர்ச்சி நியூரான் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். மூளையைக் கேட்காமலே இயக்க நியூரான் தசையைச் சுருங்கச் செய்யும். ஆகவே வெடுக்கென்று இழுப்பது பிடிப்பை இறுக்கவே செய்யும்.

இந்தப் பாதையை மின்தூண்டலால் சோதிக்கும் அனிச்சைக்கு, 1910-இல் அதை விவரித்த ஜெர்மானிய உடலியலாளர் பால் ஹாஃப்மனின் பெயரே வழங்குகிறது. 1990-ஐ ஒட்டி கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஆய்வுகளில், கெண்டைக்காலைப் பிசையும்போது இந்த அனிச்சையின் வீச்சு நன்றாகக் குறைந்தது. இயக்க நியூரான்கள் எளிதில் தூண்டப்படவில்லை என்று பொருள். ஆனால் பிசைவதை நிறுத்தியதும் விரைவிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது! ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க நரம்பு அடங்கியிருக்கும் என்று மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மைதானத்தில் செய்ய வேண்டியது: முழங்காலை நீட்டி, கால்விரல்களை முழங்கால் பக்கமாக மெதுவாக மடக்கிப் பிடித்து, கெண்டையை நிதானமாகப் பிசையலாம். அடிபட்டு வீங்கியிருந்தால் பிசையவே கூடாது.