வல்லத்தில் இரவு தங்க

மல்லிப்பட்டினத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில், பாய் கட்டிய சின்ன வல்லத்தில் நாள்கணக்கில் தங்குகிறவன் நான். நீளம் 24 அடி, நடுவில் அகலம் ஆறடி. அதற்குள் நானும் மச்சானும் சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழ வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி என்று ஊரில் கேட்பார்கள். இடம் ஒருநாளும் எங்களை வாட்டியதில்லை. வாட்டுவது ஈரம்.

எங்கள் பக்கத்துப் பாக் நீரிணையில் வெகுதூரம் ஓடினாலும் ஆழம் நாலைந்து பாகம், அதாவது நாலைந்து ஆள் உயரம்தான். ஆழமில்லாத கடலில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். கொஞ்சம் காற்று ஏறினாலே முன்பக்க அணியத்தைத் தாண்டிச் சாரல் உள்ளே விழும். கடல்நீர் பட்ட துணி வெயிலில் காய்ந்தாலும் அதிலுள்ள உப்பு ராத்திரிக் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். அதோடு படுத்தால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் புண் வந்துவிடும்.

"ஈரத்தோட படுக்காத தம்பி, காலைல கயிறு பிடிக்கக் கை வராது" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். படுக்கைக்கென்று ஒரு லுங்கி, ஒரு சட்டை, ஒரு போர்வை, மூன்றும் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கும். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த டிரம்மைத் திறக்க மாட்டோம். படுக்கும் முன் ஒரு செம்பு நல்ல தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வோம். அந்த ஒரு செம்புத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கவே கூடாது.

மார்கழி, தையில் பனி மழைபோல இறங்கும். பாயை இறக்கிய பிறகு பாய் கட்டும் பருமலை நெடுக்குவாட்டில் தாங்கவைத்து அதன்மேல் படுதாவைப் போடுவோம். நங்கூரத்தில் நிற்கும் வல்லம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் திரும்பி நிற்கும். அதனால் அணியத்துப் பக்கம் படுதாவைத் தாழக் கட்டி, பின்பக்கம் திறந்து விட்டால் சாரலும் வராது, புழுக்கமும் இருக்காது.

எங்கே நங்கூரம் போடுகிறோம் என்பதில்தான் தூக்கம் இருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் காவிரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற முத்துப்பேட்டைப் பக்கம் அடி முழுக்கச் சேறு. நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அலையாத்திக் காட்டை ஒட்டிப் போட்டால் கொசு விடிய விடியப் பிடுங்கும். காட்டை விட்டு விலகி, காற்று தட்டுகிற இடத்தில் போடுங்கள். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று ஏறினால் ஏழு மடங்கு. இந்தப் பக்கம் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அந்த ராத்திரிகளில் அவை ஓடும் வழியில் நிற்காமல் கரையோரமாக ஒதுங்கிவிடுவோம். எந்த ராத்திரியானாலும் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு வெள்ளை விளக்கு எரிய வேண்டும். பேட்டரி தீரும் என்று அதை அணைப்பவர்களோடு நான் கடலுக்குப் போக மாட்டேன்.

சமையல், காற்று ஏறுவதற்கு முன் காலையிலேயே முடிந்துவிடும். மணல் பரப்பிய தகரப் பெட்டிக்குள் அடுப்பு. ஒரே சட்டியில் சோறு. பிறகு அதே சட்டியில் குழம்பு. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகிவிடும். புளிச்சோறும் கருவாடும் எப்போதும் கையிருப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர். கேன்களை நடுவில், அடியில் வைத்துக் கட்டினால் வல்லம் நிதானமாக நிற்கும்.

சின்ன வல்லத்தில் ஆளும் பாரம்தான். இந்தக் கடலில் பாய் ஓட்டுகிறவர்கள் குறுக்கே பலகை நீட்டி, காற்று வரும் பக்கத்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வல்லத்தைச் சாயாமல் பிடிப்பார்கள். இந்தியப் படகுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை நாங்கள் நங்கூரத்தில் நிற்கும்போதும் விடுவதில்லை. எழும்பினால் "எந்திரிக்கிறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவான் மச்சான். நான் மறுபக்கம் நகர்ந்துகொள்வேன். லின், லாரி பார்டி தம்பதியர் எஞ்சினே இல்லாத 24 அடிச் செராஃபின் படகில் உலகைச் சுற்றி வந்தார்கள் என்று படித்தபோது, அந்த இருவரும் இப்படித்தான் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்து வாழ்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல்முறை தங்கிப் பார்க்க மாசி, பங்குனி நல்லது, கடல் தணிந்திருக்கும். சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் கண்ணில் படும் தூரத்திலேயே ஒரு ராத்திரி நில்லுங்கள், போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியுமுன் கரையேறிய கஜா புயல், கரையில் ஏற்றிக் கட்டியிருந்த படகுகளையே உடைத்துப்போட்டது. அந்த மாதங்களில் நாங்கள் வல்லத்தை மேட்டில் ஏற்றிவிட்டு, படுதாவைத் தைத்து, டிரம்மின் மூடிக்கு ரப்பர் மாற்றிக்கொண்டிருப்போம்.