பைனாகுலர் வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

இன்டர்நெட் கடைகளில் பைனாகுலர் தேடினால் 8×42, 10×25 என்று எண்கள் வரும். முதல் எண், காட்சியை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன்புற லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இப்போது 42-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 5.25 வரும். கண்ணருகே வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் இத்தனை மி.மீ. 10×25-ல் 2.5தான். பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், எனவே வித்தியாசம் தெரியாது. பொழுது சாய்ந்ததும் கண்மணி விரியும். அப்போது சின்ன பைனாகுலரில் காட்சி இருண்டுவிடும்! துப்பாக்கி ஸ்கோப்பில் போட்டிருக்கும் 3-9×40க்கும் இதே கணக்குதான்.

மடங்கு கூடினால் கைநடுக்கமும் கூடவே பெரிதாகும். 10க்கு மேல் போனால் ஸ்டாண்ட் இல்லாமல் சிரமம்.

மலிவு விலையில் 30×60 என்று வந்தால் முன் லென்ஸை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 60 மி.மீ. இல்லையா? அன்றே திருப்பி அனுப்புங்கள்.