பாதையோரத்து உயிர்களும் சமுதாயங்களே



பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நாம் அனைவரும் அறிந்த ஹதீஸ். சென்ற ஆண்டு இதே மிம்பரில் அதைப் பற்றிப் பேசினேன். கேட்ட நம் இளைஞர்கள் மறுநாளே இறங்கிவிட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து கண்மாய்க் கரை வரை சாலையின் இரண்டு ஓரமும் களைக்கொல்லி அடித்தார்கள். காய்ந்ததும் தீ வைத்தார்கள். நானும் மாஷா அல்லாஹ் என்று பாராட்டினேன். யோசிக்காமல் பாராட்டிவிட்டேன், அது என் தவறு.

மழை பெய்ததும் அந்த வெற்று மண்ணில் முதலில் தலைகாட்டியது தும்பையும் துத்தியும் அல்ல, பார்த்தீனியம்!

முன்பு வாழ்ந்த நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்த எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்த ஓர் எறும்புக்காக, தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழிக்கலாமா என்று அல்லாஹ் அவரைக் கண்டித்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. கடித்த எறும்பு ஒன்றுதான், எரிந்தது எத்தனை! நாம் செய்ததும் இதற்கு வெகு தூரமில்லை.

அந்த ஓரத்தில் என்ன இருந்தது? எருக்கு இருந்தது. அதன் இலையைத் தின்றுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. ஆவாரை இருந்தது, தும்பை இருந்தது, அவற்றைத் தேடி வண்டும் தேனீயும் வந்தன. தேனீ என்றால் கூட்டில் வாழ்வது மட்டுமல்ல. மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழும் தேனீக்கள் ஏராளம். தேனீயின் பெயரிலேயே அல்லாஹ் ஒரு சூரா இறக்கியிருக்கிறான், அன்நஹ்ல்.

நம் தோட்டத்துப் பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோகத் தேனீ வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். பீர்க்கும் பாகலும் அப்படித்தான். பூசணி பூக்காத மாதங்களில் அந்தத் தேனீக்கு உணவு எங்கே? அந்தச் சாலையோரத்தில்தான்.

சகோதரர்களே, தொல்லை எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நடப்பவர் காலில் குத்தும் முள் தொல்லை. வளைவில் எதிரே வரும் வண்டியை மறைக்கும் புதர் தொல்லை. கண்ணாடித் துண்டு தொல்லை. பார்த்தீனியமும் தொல்லைதான்: அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, தோலில் அரிப்பும் சிலருக்கு மூச்சிரைப்பும் தருவது, ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். தும்பை யாருக்கு என்ன செய்தது?

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ தின்றால் அது அவருக்குத் தர்மம் என்கிறது ஹதீஸ். நடாமல் தானாக முளைத்ததைக் காப்பவருக்கும் அந்தக் கூலி உண்டா என்று ஒரு தம்பி கேட்டார். அல்லாஹ்வின் அருள் விசாலமானது என்று மட்டும் சொன்னேன்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசியாகிவிட்டது. இனி மருந்தும் இல்லை, தீயும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைப்பவை பூத்து விதை விழும் வரை விட்டுவிட்டு, மாசிக்குப் பிறகு அரிவாளால் அறுப்போம். வளைவுகளையும் நடைபாதையையும் மட்டும் எப்போதும் சுத்தமாக வைப்போம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கண்மாய்க் கரையிலிருந்து தொடங்குகிறோம். வெறுங்கையால் அதைத் தொடாதீர்கள், கையுறை கொண்டு வாருங்கள்.