வீட்டில் மூன்று இரவு

அன்புள்ள தம்பிக்கு,

லாண்ட்ஸ் எண்டில் புறப்பட்டு ஸ்கொட்லாந்து நோக்கி மூன்று கிழமை நடந்து, செடாரில் நிறுத்தி, பஸ் பிடித்து பிரிஸ்டல் வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று அம்மா சொன்னா. குரலில் அவ்வளவு நிம்மதி. ஆனால் நீ எழுதியிருந்ததில் நிம்மதி இல்லை. "புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கென்று சொல்லிக் காசு சேர்த்துவிட்டு நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். டெரி ஃபாக்ஸ் இப்படிப் படுத்தாரா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லைதான். 1980 ஏப்ரல் 12-இல் கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, உன்னைப்போலவே காசு சேர்க்க, ஒரு செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். 22-ஆவது பிறந்தநாளிலும் ஓடினார். செப்டெம்பர் 1-இல் தண்டர் பே அருகே நிறுத்தியபோது புற்றுநோய் நுரையீரல்வரை போயிருந்தது. அடுத்த ஜூனில் இறந்துபோனார். அந்த வாழ்வைக் கும்பிடு. ஆனால் அதை எடுத்து உன் கால்களை அளக்காதே. காசு தந்தவர்கள் ஒருவரும் நீ ஓய்வெடுக்கக் கூடாது என்று சொல்லித் தரவில்லை. 2011-இல் இலங்கையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்தார்களே, அதில் எத்தனையோ பேர் ஒரு நாள் மட்டும் கூட நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அவர்களுடைய காசும் போய்ச் சேர்ந்தது.

என்னுடைய கதையை இதுவரை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நானும் இதே பாதையில் வந்து, எடேலில் நிறுத்தி, ரயிலேறி எங்களுடைய அப்போதைய மான்செஸ்டர் வீட்டுக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு நோவு. அம்மா காலைப் பார்த்துவிடுவா என்று வீட்டுக்குள்ளும் நீளக் காற்சட்டையோடு திரிந்தேன். ஒரே இரவு. விடிய முதல் ரயிலில் எடேலுக்குத் திரும்பிவிட்டேன். "நிற்காமல் போகிறான்" என்று ஆட்கள் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. மாலம் ஊரைத் தாண்டவில்லை. எலும்பில் மயிரிழைபோல வெடிப்பு. ஆறு கிழமை கதிரையில் இருந்தேன். இன்னும் ஒரு நாளை அம்மாவுக்குக் கொடுத்திருந்தால் அந்த ஆறு கிழமையும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே முதல் வேலையாக, காலை அம்மாவிடம் காட்டு. நோவு எலும்பு நெடுகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் தசையும் சவ்வும் படுகிற பாடு, ஓய்வில் இறங்கும். ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று சொல்லக் கூடியதாக இருந்தால், படுத்திருக்கும்போதும் இராவிலும் நொந்தால், டொக்டரைப் பார்க்காமல் ஓரடியும் வைக்காதே. மூன்று கிழமையில் உன் தசை பழகிவிட்டது. எலும்பும் நாணும் அவ்வளவு விரைவாகப் பழகாது. உடம்பு லேசாகிவிட்டது என்று நீ நினைக்கிற இந்தக் கட்டத்தில்தான் அவை முறிகின்றன.

இரண்டாவது குளிப்பு. வீட்டுத் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் கிடக்க ஆசை வரும். முதல் நாள் கிட, குற்றமில்லை. கடைசி நாள் வேண்டாம். கோர்ன்வாலின் கல்லும் மண்ணும் உன் உள்ளங்காலுக்குத் தந்த தடித்த தோல்தான் இப்போது உனக்குச் சப்பாத்துக்குள் இன்னொரு சப்பாத்து. அது ஊறி இளகினால் மெண்டிப் மலை ஏறும்போதே பொக்குளம் போடும். நகத்தை நேராக வெட்டு, மூலையைத் தோண்டாதே. சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார். குதிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் இங்கேயே மாற்று. புதிதை அரை அளவு கூட்டி வாங்கு, ஏனென்றால் கால் வீங்கிப் பரந்திருக்கும். வாங்கியதை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நட. கூடாரத்தைக் கொடியில் விரித்துக் காயப்போடு, சுருட்டியபடி விட்டால் பூசணம் பிடித்துவிடும். பையைக் கவிழ்த்து, மூன்று கிழமையாகத் தொடாத சாமானையெல்லாம் அலுமாரிக்குள் வை.

எத்தனை நாள் என்று கேட்பாய். மூன்று இரவு. முதல் நாள் நித்திரையிலேயே போய்விடும். இரண்டாம் நாள்தான் நோவு எங்கே என்று தெரியவரும். மூன்றாம் நாள் கடைத்தெருவரை மெல்ல நடந்து பார்த்துவிடலாம். நாலாம் நாளுக்கு வீடு உன்னைப் பிடித்துக்கொள்ளும். கூட்டாளி கூப்பிடுவான், மழை பெய்யும், புட்டுக்குச் சம்பலும் மீன்குழம்பும் வரும், கதிரை உன் முதுகுக்கு ஏற்ற மாதிரி ஆகிவிடும். சாப்பிடு, தம்பி, வயிறார. மெலிந்துபோய்த்தான் வந்திருப்பாய். ஆனால் பையை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதே. வாசற்கதவோரம் நிற்கட்டும். போகவர உன் கண்ணில் படட்டும்.

காசு தந்தவர்களிடம் ஓய்வை மறைக்காதே. "வீட்டில் நிற்கிறேன், கால் இப்படியிருக்கிறது, இன்ன நாளில் திரும்பப் புறப்படுகிறேன்" என்று நாலு வரி போடு. கிஃப்ட் எய்ட் பெட்டியில் அடையாளமிட மறந்தவர்களுக்கும் அப்படியே ஞாபகப்படுத்து. வரி கட்டுகிற ஒருவர் தருகிற ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் சேரும். நடக்கிற நாளில் அதற்கெல்லாம் உனக்கு நேரம் கிடைக்காது.

இனி ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். வீட்டிலிருந்து செவர்ன் பாலம் கிட்டத்தானே, அங்கிருந்தே தொடங்கினால் என்ன என்று யாராவது சொல்வார்கள். அன்பில்தான் சொல்வார்கள். கேட்காதே. நீ பஸ் ஏறிய செடார்த் தரிப்பிடத்துக்கே திரும்பப் போ. அதே தரிப்பிடம், தெருவின் அதே பக்கம். இடையில் விடுபடுகிற அந்த நடை பிறகு ஸ்கொட்லாந்து மழையில் நீ சோர்ந்துபோகிற ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்து உன்னைக் குடையும். மெண்டிப்பைத் தாண்டி, உன் வீட்டுத் தெருவை நடந்தே கடந்து, பாலத்தில் ஏறு. 1966-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் நடப்பவர்களுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. கீழே சேற்று நிறத்தில் ஆறு ஓடும். அக்கரையில் செட்பரிப் பாறைமேல் ஒஃபாஸ் டைக் பாதை தொடங்கும். 285 கிலோமீற்றர், ஏற்றமும் இறக்கமுமாக.

செடாருக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. மூன்று கிழமையாக உன்னைத் தொலைபேசிக்குள்தான் பார்த்திருக்கிறா. ஒரு அரைமணி நேரம் உன்னோடு நடக்கட்டும், பிறகு பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பட்டும். புட்டுக் கட்டித் தந்தால் வாங்கு. அன்று மத்தியானத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடு, தேங்காய்ப்பூ போட்டது, பின்னேரத்துக்குப் பழுதாகிவிடும்.

அன்புடன்,
அண்ணா